வாரிசில்லாத நவாபின் வாள்கள்

எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த நெட்டுக்குப்பத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. மீன் அரியும் அரிவாள்மனையை ஈரத்தோடு ஓர் இரவு வைத்துவிட்டால் போதும். விடிவதற்குள் செந்துரு படர்ந்துவிடும். துருவைச் சுரண்டுவது கடற்கரைக் குப்பங்களில் அன்றாட வேலை. அதே துருவை ஆபரணம் போலக் காப்பாற்றும் ரசிகர்களும் உலகில் உண்டு என்றால் அங்குள்ளவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை.

ஜப்பானிய வாளில், அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு தகடு உண்டு. ‘ட்சுபா’ என்று அதற்குப் பெயர். குறுக்களவு சுமார் 8 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கிவிடும். கை வழுக்கி அலகின் மீது போகாமல் தடுப்பதும், வாளின் எடையைச் சமன் செய்வதும் அதன் தொழில். நடுவே வாளின் அடித்தண்டு நுழைவதற்கு ஒரு துளை. சுற்றிலும் பூ, பறவை, அலை என்று சித்திர வேலைப்பாடு. பழைய இரும்புத் தகடுகளில் காலம் ஏற்றிய கருந்துருவே அழகு. தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்புப் போய்விடும். அரிக்கும் செந்துருவை மட்டும் கொம்புத் துண்டால் மெல்ல உரசி எடுப்பார்கள்.

1876-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு, சாமுராய்கள் பொது இடங்களில் வாள் தரிக்கக் கூடாதென்று தடை விதித்தது. தலைமுறை தலைமுறையாக இடுப்பில் இருந்த வாள் விலைக்கு வந்தது. வாள்வேலை செய்த கைவினைஞர்கள் பிழைப்பிழந்தார்கள். கழற்றப்பட்ட தகடுகள் கப்பலேறி, ஐரோப்பியச் சீமான்களின் கண்ணாடி அலமாரிகளை அடைந்தன.

சாமுராய் வாள்களைப் பார்க்க நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையில் ரயிலேறி ஐதராபாத்தில் இறங்கினால் போதும். அவை அங்கே சேர்ந்த கதை, ஒரு தனி மனிதரின் கதை.

தொட்டிலில் வந்த பட்டம்

ஜப்பானில் தடை பிறந்த அதே 1876-இல், ஐதராபாத் சமஸ்தானத்தின் திவான் முதலாம் சாலார் ஜங், ரோம் நகரில் ‘முக்காடிட்ட ரெபெக்கா’ என்னும் பளிங்குச் சிலையை வாங்கினார். அவருடைய பேரர்தான் மூன்றாம் சாலார் ஜங், நவாப் மீர் யூசுப் அலி கான். 1889 ஜூன் 13-இல் புனாவில் பிறந்தார். ஒரு மாதம் நிறைவதற்குள் தந்தை காலமானார். தொட்டிலில் கிடந்த குழந்தை, பெரும் ஜாகீருக்கு உடையவராயிற்று.

1912-இல், 23 வயதில், பாட்டனாரும் தந்தையாரும் வகித்த திவான் பதவி அவரைத் தேடி வந்தது. ஆனால் 1914-லேயே அதிலிருந்து விலகிவிட்டார். இருபத்தைந்து வயது, கையில் ஏராளமான செல்வம், அதிகாரம் மட்டும் இல்லை. வேறொருவராயின் இழந்த பதவிக்காக ஏங்கியே காலம் கழித்திருப்பார். இவர் கலைப்பொருள்களின் பக்கம் திரும்பினார்.

பிறகு சுமார் முப்பத்தைந்து ஆண்டுகள் அதுவே வாழ்க்கை. ஐரோப்பாவுக்குப் போனபோதெல்லாம் வாங்கினார். திவான் தேவ்டி மாளிகைக்கு வியாபாரிகளும் தேடி வந்தார்கள். பச்சைக்கல் கிண்ணங்கள், தந்த வேலைகள், பாரசீகக் கம்பளங்கள், கையெழுத்துப் பிரதிகள், சீனப் பீங்கான்கள், ஜப்பானியச் சாமுராய் வாள்கள் என மாளிகை நிரம்பியது. தேர்ந்த ரசிகர் என்று எல்லோரும் அவரை ஒப்புவதில்லை. கிடைத்தற்கரிய பொருளோடு சாதாரணப் பொருளும் கலந்தேதான் வந்தது. ஆனால் அலுக்காத ஆசை அவருடையது.

யாருக்கு இந்தச் சொத்து?

நவாப் மணம் புரிந்துகொள்ளவில்லை. 1949 மார்ச் 2-இல் காலமானபோது நேர் வாரிசு எவருமில்லை. ஐதராபாத் இந்தியாவுடன் இணைந்து ஆறு மாதமே ஆகியிருந்த குழப்பமான காலம் அது. அறை அறையாகக் குவிந்து கிடந்தவை ஏலம் போயிருந்தால், ஜப்பானியத் தகடுகளைப் போலவே திசைக்கொன்றாய்ச் சிதறியிருக்கும்.

அப்படி நேரவில்லை. மாளிகையே பொருட்காட்சிசாலையாக்கப்பட்டு, 1951 டிசம்பர் 16-இல் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. 1958-இல் குடும்பத்தார், தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்ளாமல், முழுவதையும் இந்திய அரசுக்கு அளிக்க உடன்பட்டனர். 1961-இல் பார்லிமெண்டுச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக்கியது. 1968-இல் மூசி நதியின் தென்கரையிலுள்ள இன்றைய கட்டிடத்துக்கு அனைத்தும் மாறின.

அங்கே மணிக்கு மணி வெளியே வந்து மணியடிக்கும் கடிகாரப் பொம்மையைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது. போகிறவர்கள் ஜப்பானியப் பகுதிக்கும் சற்று நடக்கலாம். ஏந்திய கை போய்விட்டது. சேர்த்த நவாபின் வம்சமும் அவரோடு முடிந்தது. பார்க்க வரும் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களே இன்று அந்த வாள்களுக்கு வாரிசுகள்.