சைக்கிளோட்ட வீரர் ஹூகோ கோப்லெற்

எண்பது வயதைக் கடந்த சுவிஸ் மக்களிடம் சைக்கிள் பந்தயம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பெயர்கள் உடனே வந்து விழும். ஒன்று பெர்டி கூப்ளர். மற்றையது ஹூகோ கோப்லெற். இருவரும் சூரிச் மாநிலத்தவர். இருவரும் ஒரே காலத்தவர். கூப்ளர் 97 வயது வரை வாழ்ந்து 2016 ஆம் ஆண்டில் காலமானார். கோப்லெற்றுக்கு விதிக்கப்பட்டது 39 வயதே. அவரது உயிர் பிரிந்தது நாம் வாழும் இதே ஊஸ்டர் நகரில் என்பதை நம்முள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

ஹூகோ கோப்லெற் 1925 ஆம் ஆண்டு மார்ச் 21 ஆம் நாள் சூரிச் நகரில் வெதுப்பகம் நடத்திய ஒரு குடும்பத்திற் பிறந்தார். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். வெதுப்பகத்தின் பாணை வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சைக்கிளிற் கொண்டு சென்று கொடுப்பது அவரது வேலையாயிற்று. இந்நாட்டவர் வெலோ என்றழைக்கும் அவ்வாகனத்தோடு அவருக்கு ஏற்பட்ட உறவு இவ்வாறு பாண் கூடையோடுதான் தொடங்கியது.

அவரை வீரராக்கியது ஓர்லிக்கோன் பந்தயத் தடம். 1912 இல் அமைக்கப்பட்ட அத்திறந்தவெளித் தடத்தின் ஒரு சுற்று 333 மீற்றர். இங்கே ஓடும் சைக்கிள்களுக்குப் பிறேக் கிடையாது! மிதிகட்டையும் பின்சக்கரமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். கால் நின்றாற்றான் சக்கரம் நிற்கும். தடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இருவர் புறப்பட்டு ஒருவரையொருவர் துரத்தும் போட்டியிலே கோப்லெற் தேர்ச்சி பெற்றார். 1947 தொடக்கம் தொடர்ந்து சில ஆண்டுகள் சுவிஸ் வாகையர் அவரே. தனியாக, ஒரே சீரான வேகத்தில், யாருடைய துணையுமின்றி ஓடும் ஆற்றலை அவர் பெற்றது இத்தடத்திலேதான். அதன் பயனைப் பின்னர் பிரான்ஸ் நாடு கண்டது.

1909 இல் ஆரம்பமான இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் நாற்பதாண்டு காலமாக இத்தாலியரல்லாத எவரும் வென்றதில்லை. 1950 இல் அந்த வரலாற்றை மாற்றினார் கோப்லெற். இத்தாலியரின் பெருமைக்குரிய பௌஸ்ரோ கோப்பி விபத்தில் எலும்பு முறிந்து விலக நேர்ந்தது உண்மை. எனினும் மற்றொரு மாவீரரான ஜீனோ பார்த்தாலியை ஐந்து நிமிடங்களுக்கு மேல் பின்தள்ளியே கோப்லெற் உரோமாபுரியை அடைந்தார். அதே ஆண்டு சுவிஸ் சுற்றுப் பந்தயமும் அவருக்கே. பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தைக் கூப்ளர் வென்றார். சிறிய இந்நாட்டுக்கு இதைவிடச் சிறந்த ஆண்டு ஒன்று வாய்ப்பது அரிது.

அடுத்த ஆண்டு கோப்லெற் முதன்முறையாகப் பிரான்ஸ் சுற்றில் இறங்கினார். 1951 யூலை 15 ஆம் நாள் பிறீவ் நகரிலிருந்து ஆஜன் நகர் வரை 177 கிலோமீற்றர் ஓட்டம். பெரிய மலைகள் இல்லாத, எவரும் எதனையும் எதிர்பார்க்காத நாள். சுமார் 37 கிலோமீற்றர் கடந்த நிலையில் கோப்லெற் கூட்டத்தை விட்டு முன்னே பாய்ந்தார். மிச்சம் 140 கிலோமீற்றர்; தனியொருவர். களைத்து விடுவார் என்றே மற்றையோர் எண்ணியிருக்க வேண்டும். பின்னர் நிலைமையை உணர்ந்து கோப்பி, பார்த்தாலி, மாஞ்ஞி, பொபே, ஜெமினியானி ஆகியோர் மாறி மாறி முன்னின்று துரத்தினர். அக்காலத்தின் மிகச் சிறந்த கால்கள் அனைத்தும் ஒன்று சேர்ந்து துரத்தியும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஆஜன் நகரில் அவர் இறங்கி, முகத்தைத் துடைத்து, சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மற்றையோரின் வரவுக்குக் காத்திருந்தார். இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடிகள் சென்றன. வசீகர மிதிப்பாளர் என்னும் பொருள்படும் பட்டத்தைப் பிரெஞ்சுப் பாடகர் ஒருவர் அவருக்குச் சூட்டினார். சீப்புக் கதை சற்று மிகையாகப் பேசப்படுகிறதென்பது எமது எண்ணம். அந்த 140 கிலோமீற்றரே பேசப்பட வேண்டியது.

அக்காலச் சைக்கிளைப் பற்றி மாணவர்கள் இங்கே சிறிது அறிதல் நன்று. சக்கரத்தின் றிம் அலுமினியத்தாலானது. ரியூபை உள்ளே வைத்துச் சுற்றிவரத் தைக்கப்பட்ட ரயரைப் பசையிட்டு றிம்மில் ஒட்டுவார்கள். பிறேக் என்பது அந்த றிம்மையே இருபுறமும் கௌவும் இரண்டு கட்டைகள். மழை பெய்தால் கட்டை முதலில் நீரைத் துடைக்கும். அதன் பிறகே பிடிக்கும். நீண்ட மலை இறக்கத்தில் றிம் சூடேறிப் பசை இளகும் ஆபத்தும் உண்டு. 1990களில் எரிபொருள் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளையே நம்பி வாழ்ந்து, அதன் டைனமோவில் வானொலி கேட்ட எமது பெற்றோருக்கு ரியூபுக்கு ஒட்டுப்போடுவது கைவந்த கலை. ஆனால் தைத்த ரயருக்கு வீதியோரத்தில் ஒட்டுப்போட இயலாது. ஆகவே வீரர்கள் மேலதிக ரயர்களைத் தோளிற் குறுக்காக மாட்டிக்கொண்டு ஓடினர். அல்லது சக வீரர் தமது சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். 1934 இல் இருபது வயதான ரெனே வியெற்றோ தமது அணித் தலைவருக்குச் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு வீதியோரத்தில் அழுதபடி காத்திருந்த புகைப்படம் இன்றும் பிரான்சில் பிரசித்தம்.

கோப்லெற் வென்ற அதே 1951 பந்தயத்தில் யூலை 17 ஆம் நாள் நடந்த ஒன்றையும் கூறாமல் விட இயலாது. ஒல்லாந்து வீரர் விம் வான் எஸ்ற், மஞ்சள் மேலாடையை அணிந்த அந்நாட்டின் முதல் வீரர், ஒபிஸ்க் மலையிலிருந்து இறங்கும்போது வளைவொன்றிற் சறுக்கிச் சுமார் 70 மீற்றர் பள்ளத்தில் விழுந்தார். இழுத்தெடுக்கக் கயிறு போதவில்லை. அணியின் உதவியாளர்கள் சுமார் 40 ரயர்களை ஒன்றோடொன்று முடிந்து, அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறச் செய்தனர். அவர் உயிர் தப்பினார். ஆயினும் இழுபட்டு நீண்ட ரயர்கள் மீண்டும் றிம்மில் இருக்கவில்லை. ஒல்லாந்து அணி முழுவதும் வீடு திரும்பியது.

இருபத்திரண்டு நிமிட இடைவெளியில் ஏனைய அனைவரையும் பின்விட்டுக் கோப்லெற் பாரிஸ் நகரில் பந்தயத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 26.

இன்று நிலைமை வேறு. சக்கரத்தின் நடுக்குடத்தோடு இணைந்த உருக்குத் தட்டைக் கட்டைகள் கௌவும் டிஸ்க் பிறேக்குகளே பந்தயச் சைக்கிள்களிற் பரவியுள்ளன. கைப்பிடியை அழுத்தினால் குழாயிலுள்ள திரவம் கட்டைகளைத் தள்ளும். றிம் நனைந்தாலும் வளைந்தாலும் பிறேக் பிடிக்கும். 2017 இல் மார்செல் கிற்றல் இவ்வகைச் சைக்கிளில் லியேஜ் நகரில் வென்றதே பிரான்ஸ் சுற்றில் இதற்குக் கிடைத்த முதல் வெற்றி. 2018 யூலை முதலாம் நாள் தொடக்கம் முழு அனுமதி வழங்கப்பட்டது. பழைய சைக்கிளுக்கு இதனைப் பூட்டலாமா எனப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சட்டகத்திலும் முன்கவையிலும் பிறேக்கைப் பூட்டுமிடம் இல்லையாயின் இயலாது. இருந்தாலும் பழைய சக்கரங்கள் உதவா. தட்டைப் பூட்டத்தக்க நடுக்குடமும், நடுவிலிருந்து வரும் முறுக்கைத் தாங்கக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய கம்பிகளும் கொண்ட சக்கரங்கள் வேண்டும். தட்டுக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள வெளி மிகச் சிறியது. சக்கரத்தைக் கழற்றியிருக்கையிற் கைப்பிடியை அழுத்தினால் கட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும்; பின்னர் தட்டு உள்ளே நுழையாது. தட்டில் எண்ணெய் படக்கூடாது. புதிய கட்டைகளைப் பூட்டியவுடன் மலையிறங்காமல், சமதரையிற் பலமுறை மெதுவாகப் பிடித்துப் பழக்குதல் வேண்டும். இறக்கம் முடிந்தவுடன் தட்டைத் தொட்டால் விரல் சுடும் என்பதையும் சிறுவர்களுக்குச் சொல்லிவைப்போம்.

மீண்டும் கோப்லெற்றிடம் வருவோம். 1951 இல் கண்ட அந்த வலிமை அவரிடம் முழுமையாகத் திரும்பவில்லை. காரணம் பலவாறு கூறப்பட்டது. 1953 இத்தாலியச் சுற்றில் முடிவுக்கு முதல்நாள் வரை முன்னணியில் இருந்தவரைச் ஸ்ரெல்வியோ மலையேற்றத்தில் கோப்பி வென்றார். இறுதி வேறுபாடு ஒன்றரை நிமிடம் மாத்திரமே. அவ்வாண்டு பிரான்ஸ் சுற்றில் மலையிறக்கத்தில் விழுந்து விலகினார். சுவிஸ் சுற்றை மாத்திரம் 1953 இலும் 1955 இலும் மீண்டும் வென்றார்.

1954 இத்தாலியச் சுற்று அவரது பண்பைக் காட்டுவது. அவருக்கு உதவியாக ஓட வந்த கார்லோ கிளெரிச்சி, அவரைப் போலவே சூரிச்சிற் பிறந்தவர், ஆறாம் நாள் ஓட்டத்தில் முன்னே சென்ற சிறு குழுவொன்றிற் சேர்ந்து அரை மணி நேரத்தை ஈட்டிவிட்டார். அணித் தலைவர் கோப்லெற். வெல்லும் வாய்ப்போ உதவியாளருக்கு. இந்நிலையிற் பலர் முகம் சுளித்திருப்பர். கோப்லெற் தமது வெற்றியை மறந்து, கிளெரிச்சியின் இடத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். கிளெரிச்சி முதலாவது, இருபத்துநான்கு நிமிடங்கள் பிந்திக் கோப்லெற் இரண்டாவது. அவர் வென்ற பந்தயங்களை விட இத்தோல்வியை நாம் மேலாக மதிக்கிறோம்.

1958 இல் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றார். பின்னர் தென்னமெரிக்க நாடான வெனிசுவேலாவுக்குத் தொழில் நிமித்தம் சென்று திரும்பினார். தாம் பயின்ற ஓர்லிக்கோன் தடத்தின் அருகே பெற்றோல் நிலையம் ஒன்றை நடத்தினார். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. பணமும் கரைந்தது, இல்லறத்திலும் அமைதி இருக்கவில்லை. தாராளமாகக் கொடுத்துப் பழகிய கைக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாமற் போயிற்று என்றே கொள்ள வேண்டும்.

1964 நவம்பர் 2 ஆம் நாள் எஸ்லிங்கனுக்கும் மொன்ஹால்ற்றோர்ப்புக்கும் அண்மையில், இங்கிருந்து சைக்கிளில் சென்றடையக்கூடிய தூரத்தில், அவர் ஓட்டிச்சென்ற அல்பா றோமியோ மோட்டார் வண்டி வீதியோரப் பேரி மரத்தில் மோதியது. நிகழ்ந்தது எவ்வாறு என்பது குறித்துப் பலர் பலவாறு பேசினர். அறுதியாக எதுவும் நிறுவப்படவில்லை. ஊஸ்டர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர் நான்கு நாட்கள் உயிரோடு போராடி, நவம்பர் 6 ஆம் நாள் கண்ணை மூடினார்.

அவரது வாழ்க்கை 2010 இல் திரைப்படமாயிற்று. ஓர்லிக்கோன் தடம் இன்றும் இருக்கிறது. கோடை காலச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் அங்கே பந்தயம் நடைபெறும். பிறேக் இல்லாத சைக்கிள்களை அருகே நின்று பார்க்க விரும்பும் மாணவர்களைப் பெற்றோர் அழைத்துச் செல்லலாம்.