எலும்புச் சாம்பலில் எழுந்த தொழிற்சாலை
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

மெர்க்குரஸ் நைட்ரைட் என்றதும் வேதியியல் மாணவர்க்கு பிரபுல்ல சந்திர ரேயின் பெயர் நினைவுக்கு வரும். 1896-ல் அச்சேர்மத்தை உலகிற்கு அறிவித்த அந்த வங்கப் பேரறிஞர், அதற்கு முன்பே மருந்து வணிகத்தில் இறங்கியிருந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1861 ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தின் குல்னா பகுதியிலுள்ள ராருலி கிராமத்தில் பிறந்தார். எடின்பரோவில் டி.எஸ்சி. பட்டம் பெற்றுத் திரும்பி, 1889-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 250 ரூபாய் மாதச் சம்பளத்தில் ஆசிரியரானார். படித்த இளைஞர் எல்லாம் எழுத்தர் வேலைக்கே ஏங்கி நிற்பது அவரை வாட்டியது. (இன்றும் பட்டம் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, எந்த ஆபீசில் வேலை என்பதுதானே!) 1892-ல் சுமார் 700 ரூபாய் முதலுடன், அப்பர் சர்குலர் சாலையில் தாம் குடியிருந்த 91-ஆம் எண் வாடகை வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார்.

மூலப்பொருளுக்குப் பணம் வேண்டுமே! கசாப்புக் கடைக்காரர்கள் கழித்துப் போடும் எலும்பு அவர் கண்ணில் பட்டது. எலும்பைச் சுட்டால் கால்சியம் பாஸ்பேட் சாம்பல். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து, சோடா சேர்த்தால் மருந்துக்கு உதவும் சோடியம் பாஸ்பேட். கணக்குச் சரிதான்; மழைதான் கெடுத்தது. மொட்டை மாடியில் காயப்போட்ட எலும்புகளில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழுத்தது. காக்கைகள் அதை அண்டை வீடுகளில் போட்டன. புகார் கிளம்பிற்று. மூட்டைகளை ஊருக்கு வெளியே ஒரு காலி இடத்திற்குக் கொண்டுபோய் இரவில் எரித்தார்கள். கொலையை மறைக்கப் பிணத்தை எரிக்கிறார்களோ என்று போலீசார் வந்து பார்த்தனராம்! சாம்பல் கிடைத்தது, சரக்கும் தயாராயிற்று.

விற்பதுதான் அதைவிடப் பெரும்பாடு. மருந்துக் கடைக்காரர்களுக்குச் சீமைச் சரக்கே சரக்கு. விளம்பரத்திற்குப் பணமில்லாத ரேயின் துணைக்கு வந்தார் நண்பர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். தம் நோயாளிகளுக்கு இம்மருந்துகளையே எழுதிக் கொடுத்தார். மற்ற மருத்துவர்களையும் எழுதச் செய்தார். ஓமத் தண்ணீர், ஆடாதோடைச் சர்பத்து, நிலவேம்புச் சாரம் எனப் பாட்டி வைத்தியச் சரக்குகள் புதிய முறையில் வடிக்கப்பட்டுப் புட்டிகளில் வந்தன. எனக்கு இதுவே அவருடைய மிகச் சிறந்த உத்தியாகத் தோன்றுகிறது. சீமைக் கம்பெனிகளோடு அவர்கள் சரக்கிலேயே மோதுவதை விட, நம் மக்கள் பெயரறிந்த மருந்தைத் தரம் பிசகாமல் கொடுப்பது எளிதல்லவா? மாலையில் கல்லூரியிலிருந்து திரும்பியதும், முதல் நாள் வந்த ஆர்டர்களை ரே தாமே கவனித்து அனுப்புவார்.

விலை பணத்தில் மட்டும் கொடுக்கப்படவில்லை. இளம் தோழர் சதீஷ் சந்திர சிங்ஹா ஆய்வின்போது ஹைட்ரோசயனிக் அமில நஞ்சால் உயிரிழந்தார். 1898-ல் அமூல்ய சரணைப் பிளேக் கொண்டுபோயிற்று. ஆயினும் ரே கடையை மூடவில்லை. 1901-ல் அது பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் என்ற லிமிடெட் கம்பெனியாயிற்று. 1905-ல் மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது.

60 வயதான 1921 முதல் தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்திற்கே விட்டுக்கொடுத்தார். மணம் புரியாத அவர், கல்கத்தா அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்து, 1944 ஜூன் 16-ல் மறைந்தார். 1980-ல் அரசுடைமையான அக்கம்பெனி, இன்றும் மருந்து செய்கிறது.