ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்ட தமிழவேள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர்கள் பலருக்கு இந்திய ஆய்வியல் துறை தெரியும். அது தமிழை மையமாகக் கொண்டு அமைந்த கதை தெரியாது. அந்தத் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று நம் மக்களிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903-இல் திருவாரூரில் பிறந்த கோ.சா., 1924-இல் வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்தார். முதலில் செய்தது கணக்கெழுதும் வேலை. 1929-இன் இறுதியில் தந்தை பெரியார் மலாயா வந்தபோது இங்குள்ள தமிழரிடையே சீர்திருத்த வேகம் பிறந்தது. 1932-இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். சங்கத்தின் குரலாக 1935 ஜூலை 6-இல் 'தமிழ் முரசு' வார இதழாக வெளிவந்தது. விலை ஒரு காசு. உழைப்பாளியும் வாங்க வேண்டும் என்பதற்காக வைத்த விலை அது. அதில் லாபம் எப்படி வரும்? பின்னர் அவரே இதழை ஏற்று நாளிதழாக்கினார். ஜப்பானியர் ஆட்சியில் நின்றுபோனதை, போர் முடிந்ததும் மீண்டும் நடத்தினார்.

தமிழர் என்றாலே சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடப்போர் என்றிருந்த காலம். அவர்களை ஒரே மேடையில் உட்கார வைக்க 1952-இல் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று பத்திரிகையில் ஓயாமல் எழுதினார். 'ஊருக்குத் திரும்பிவிடுவோம்' என்ற நினைப்பில் வாழ்ந்தவர்களிடம் இதைச் சொல்லி ஏற்க வைப்பது எளிதாக இருந்திருக்காது.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவர்வது பல்கலைக்கழக விவகாரம்தான். சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தது. அதில் சமஸ்கிருதத்துக்கே முதன்மை தர வேண்டும் என்ற கருத்து வலுவாக இருந்தது. படித்தவர்கள் மட்டத்தில் அதற்கு ஆதரவும் இருந்தது. இந்நாட்டு இந்தியரில் மிகப் பெரும்பாலோர் பேசும் மொழி தமிழாயிற்றே, அதை ஓரத்தில் தள்ளலாமா என்று கோ.சா. எதிர்த்து எழுதினார். எழுதியதோடு விட்டிருந்தால் அது இன்னொரு தலையங்கமாகப் போயிருக்கும்.

அவர் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டத் தொடங்கினார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கித் தர வேண்டும், தமிழுக்குப் பின்னால் மக்கள் நிற்கிறார்கள் என்று காட்ட வேண்டும் என்பது நோக்கம். பணக்காரர் சிலரிடம் பெருந்தொகை பெறுவதை விட, ஆயிரக்கணக்கானோரிடம் ஒரு வெள்ளி பெறுவதையே அவர் பெரிதாக நினைத்தார். பால்மரம் வெட்டுபவருக்கும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவருக்கும் அன்று ஒரு வெள்ளி சிறிய தொகையில்லை. தங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதிப்பார்களா என்பதுகூட அவர்களில் பலருக்கு நிச்சயமில்லை. ஆனாலும் கொடுத்தார்கள். கேட்டவருக்கு அவர்கள்மேல் இருந்த நம்பிக்கையை, அவர்கள் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1956-இல் துறை தொடங்கியது. தமிழுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் அதன் தலைவராக இருந்தபோது, 1966-இல் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள் அந்தத் துறையில் பட்டம் பெற்று ஆசிரியர்களாக, எழுத்தாளர்களாக, செய்தியாளர்களாக வெளியே வந்தார்கள்.

கோ.சா.வின் பின்னாள்கள் அவ்வளவு இனிமையாக அமையவில்லை. 1960-களின் முற்பகுதியில் முரசு ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் பத்திரிகை நின்றது. உழைப்பாளிகளின் காசில் வளர்ந்த பத்திரிகைக்கு இப்படி ஒரு முடக்கம் வந்ததை அவருடைய அன்பர்கள் பேசத் தயங்குவார்கள்; பேசாமல் விட்டால் அவர் வரலாறு முழுமையாகாது. முரசு மீண்டும் வெளிவந்தது. அவரும் விடாமல் நடத்தினார். 1974-இல் காலமானார்.