வெறுங்காலோடு கிளாஸ்கோ வரை: முஹம்மது சலீமின் வாழ்க்கை

வில்லியனூர் சுல்தான்பேட்டையிலும் பாகூர் ஏரியை ஒட்டிய ஊர்களிலும் பந்து உதைக்கும் நம் பிள்ளைகளிடம், பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸி, ரொனால்டோ, பென்சிமா, சலாஹ் என்று மூச்சு விடாமல் பெயர் சொல்வார்கள். கோல் போட்டதும் சலாஹ் ஸஜ்தா செய்வதைச் சிலர் செய்தும் காட்டுவார்கள். ஆனால் அந்த சலாஹ் பிறப்பதற்கு 56 ஆண்டுகளுக்கு முன்பே, நம் நாட்டு முஸ்லிம் ஒருவர் கப்பலேறிப் போய் ஐரோப்பாவின் பெரிய கிளப் ஒன்றின் சட்டையை அணிந்து ஆடினார் என்பதை நாம் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதுவும் காலில் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்.

அவர் பெயர் முஹம்மது சலீம். ஐரோப்பிய கிளப் ஒன்றுக்காக ஆடிய முதல் இந்தியத் துணைக்கண்ட வீரர் என்று கால்பந்து வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது.

கல்கத்தாவின் மட்டியாபுருஜில்

சலீம் 1904-ல் கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதியில், வசதி குறைந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். நாட்டை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடம் என்பதால் பெயர் பெற்ற முஸ்லிம் பகுதி அது.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, 1911 ஜூலையில், மோகன் பகான் அணி ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஆங்கிலேயப் படைப்பிரிவான கிழக்கு யார்க்‌ஷயர் அணியை 2-1 என்று வென்றது. அந்த அணியில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலோடு ஆடியவர்கள். ஆள்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடிக்கலாம் என்ற நம்பிக்கை அன்று வங்காளத்தின் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் வந்தது. சலீமுக்கும் வந்தது.

1926-ல் பவ்பஜாரின் சித்தரஞ்சன் கிளப்பில் சேர்ந்தார். பிறகு முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணியில் ஆடினார். விளையாட்டு நிர்வாகி பங்கஜ் குப்தா அவருடைய திறமையைப் பார்த்து ஸ்போர்ட்டிங் யூனியனுக்கு அழைத்துக்கொண்டார். அடுத்து ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று அணிகள் மாறின. இந்துச் சகோதரர்கள் நடத்திய கிளப்புகளிலும் அவர் ஆடி வளர்ந்திருக்கிறார். அவரை அடையாளம் கண்டு முன்னுக்குக் கொண்டுவந்தவர்களிலும் இந்துக்கள் இருந்தார்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஐந்து ஆண்டுகள், ஐந்து கோப்பைகள்

1934-ல் சலீம் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கின் முதல் அணிக்குத் திரும்பினார். 1891-ல் தொடங்கிய கிளப் அது. கல்கத்தா லீக் போட்டியை அதுவரை ஆங்கிலேய அணிகளும் படைப்பிரிவு அணிகளும்தான் வென்று வந்தன. 1934-ல் முஹம்மதன் அதை வென்றது. அந்த லீக்கை வென்ற முதல் இந்திய அணி அதுதான். அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது.

இந்த வெற்றிக்குப் பின்னால் திட்டமிட்ட உழைப்பு இருந்தது. பெங்களூர் போன்ற தொலைவான ஊர்களிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து வந்தார்கள். மழையில் சேறாகும் மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும் என்பதால், அந்த நாட்களில் பூட்ஸ் அணிந்து ஆடவும் பழக்கினார்கள். சலீம் வலது ஓரத்தில் ஆடும் முன்கள வீரர். பந்தைக் காலோடு ஒட்டவைத்தபடி எதிரணியினரைக் கடந்து சென்று, கோல் போடுபவரின் காலுக்குச் சரியாக அனுப்பி வைப்பது அவருடைய சிறப்பு.

கப்பலில் ஏறியவர்

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குப் போகும் வழியில் சீன அணி இந்தியாவில் சில ஆட்டங்கள் ஆடியது. கல்கத்தாவில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் எல்லோரும் பாராட்டும்படி ஆடிய சலீம், இரண்டாவது ஆட்டத்துக்கு வரவில்லை. எங்கே போனார் என்று தேடினார்கள். அவரோ கப்பலில் இருந்தார்.

இங்கிலாந்தில் வசித்துவந்த ஹாஷிம் என்ற உறவினர் அப்போது கல்கத்தா வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்து, இந்தத் திறமையை ஐரோப்பாவில் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். இருவரும் கெய்ரோ வழியாக லண்டன் போய், அங்கிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குச் சென்றார்கள்.

அது எப்படிப்பட்ட காலம் என்பதை நம் புதுவை மக்களுக்கு ஒரு தேதியைச் சொன்னாலே போதும். 1936 ஜூலை 30 அன்றுதான், எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய 12 ஆலைத் தொழிலாளர்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். நம்மை பிரான்ஸும் கல்கத்தாவை பிரிட்டனும் ஆண்ட காலம். அப்படி ஆளப்பட்ட ஒருவர், ஆள்பவரின் ஊருக்கே போய், என் ஆட்டத்தைப் பாருங்கள் என்று நின்றார்.

செல்டிக் மைதானத்தில்

கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் அப்போதுதான் ஸ்காட்லாந்து லீக் கோப்பையை வென்றிருந்தது. அதன் மேலாளர் வில்லி மேலி, 1897 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். ஹாஷிம் அவரிடம் போய், இந்தியாவிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரர் வந்திருக்கிறார், சோதித்துப் பாருங்கள், ஆனால் அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்றார். பூட்ஸ் அணிந்த ஸ்காட்லாந்து வீரர்களுக்கு நடுவே வெறுங்காலா என்று மேலி சிரித்தார். ஆனாலும் வாய்ப்புக் கொடுத்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. அணியில் சேர்த்துக்கொண்டார்.

செல்டிக்கின் அன்றைய பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி, புகழ்பெற்ற முன்னாள் வீரர். அவர் குனிந்து அமர்ந்து சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடும் படம் இன்றும் இருக்கிறது. ஆளும் இனத்தின் புகழ்பெற்ற ஒருவர், ஆளப்படும் நாட்டின் ஏழை ஆட்டக்காரரின் காலைப் பிடித்துக் கட்டுப் போடுகிறார். 1936-ல் இந்தியாவில் இப்படி ஒரு காட்சியை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

சலீம் ஆடியது செல்டிக்கின் முதல் அணியில் அல்ல, இரண்டாம் அணியில். ஹாமில்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது. ஆகஸ்ட் 28 அன்று கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1 என்று வென்றது. அந்த ஏழு கோல்களில் மூன்று சலீம் கொண்டுவந்து கொடுத்த பந்துகளிலிருந்து வந்தவை என்று மறுநாள் ஸ்காட்லாந்து நாளிதழ் எழுதியது. அவரை இந்திய வித்தைக்காரர் என்று வர்ணித்தது. பெனால்டி அடிக்கச் சொன்னபோது கூச்சப்பட்டு மறுத்துவிட்டார் என்றும், ஆங்கிலம் தெரியாததால் உடன் வந்தவர் மொழிபெயர்த்தார் என்றும் அதே செய்தி சொன்னது.

கையில் வாங்காத பணம்

சில மாதங்களில் ஊர் ஞாபகம் அவரை வாட்டியது. இருக்கச் சொல்லி செல்டிக் கேட்டது. ஜெர்மனியிலிருந்தும் ஆட அழைப்பு வந்தது. அன்று இந்தியாவில் கால்பந்து சம்பளத் தொழில் அல்ல. ஐரோப்பாவில் அது தொழில். இருந்திருந்தால் அவருடைய வாழ்க்கையே மாறியிருக்கும். அவர் ஊருக்குத் திரும்பவே விரும்பினார்.

அவரை நிறுத்திவைக்க, ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் ஐந்து சதவீதம் தருவதாக கிளப் சொன்னது. அந்த ஐந்து சதவீதம் எவ்வளவு பெரிய தொகை என்பதே சலீமுக்குத் தெரியவில்லை. அந்த ஆட்டத்துக்கு விருந்தினராக வரவிருந்த யத்தீம் பிள்ளைகளுக்கே தன் பங்கைக் கொடுத்துவிடச் சொன்னார். செல்டிக் கிளப்பே 1887-ல், கிளாஸ்கோவில் பசியோடிருந்த ஏழைக் குழந்தைகளின் உணவுக்கு நிதி திரட்டத்தான் தொடங்கப்பட்டது. கத்தோலிக்கத் துறவி ஒருவர் எந்த நோக்கத்தில் அதைத் தொடங்கினாரோ, அதே நோக்கத்துக்கு ஒரு முஸ்லிம் தன் கூலியைக் கொடுத்தார். யத்தீமை ஆதரிப்பதன் சிறப்பு நம் வீடுகளில் சின்ன வயதிலேயே சொல்லித்தரப்படுவது. சலீம் அதைக் கடல் கடந்தும் மறக்கவில்லை.

ஊர் திரும்பி மீண்டும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்குக்காக ஆடினார்.

வெறுங்கால் ஆட்டமும் அதிக நாள் நீடிக்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் எதிரணி பிரான்ஸ். பெங்களூரின் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டும் 2-1 என்று இந்தியா தோற்றது. 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற பிறகு, பூட்ஸ் கட்டாயமானது.

ஒரு கடிதம்

முதுமையில் சலீம் நோயுற்றார். அவருடைய மகன் செல்டிக் கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். சிகிச்சைக்குப் பண உதவி வேண்டும் என்று அதில் இருந்தது. உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது பணம் அல்ல. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் சில மாதங்கள் மட்டும் வந்து போன தன் தந்தையை அந்த ஊர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே எழுதினார். பதில் வந்தது. உடன் 100 பவுண்டுக்கு வங்கி வரைவோலையும் வந்தது. அதை மாற்றிச் செலவழிக்காமல் குடும்பம் பத்திரப்படுத்தியது. 1980-ல் சலீம் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நம் ஊர்களில்

நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் ஒரு காலத்தில் ஊர் அணிக்காக ஆடிய பெரியவர்கள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில், முள்ளையும் தாளடியையும் மிதித்து ஆடிய கால்கள் அவை. அசருக்குப் பள்ளிவாசலுக்கு வந்து அமைதியாகத் திரும்பிப் போகும் அந்த முதியவரிடம், அவர் ஆடிய காலத்தைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோமா? அவருடைய பழைய படமோ, சான்றிதழோ எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா? அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒன்று. விலை உயர்ந்த ஷூ வாங்கித்தர முடியவில்லையே என்று வருந்தும் பெற்றோர் நம்மில் உண்டு. முடிந்தவர்கள் நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். இன்றைய ஆட்டத்துக்கு அது தேவை. முடியாதவர்கள் அதற்காகப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். சலீமின் கதையை அவனுக்குச் சொல்லி அனுப்புங்கள். அவருடைய ஆட்டத்தோடு, அந்த யத்தீம் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.