கணக்கு வகுப்பில் ஒரு அப்பா



புறாக்களுக்கு மேஜைப் பந்து ஆடக் கத்துக் கொடுத்த மனிதர் ஒருவர் இருந்தார். பேர் பி.எஃப். ஸ்கின்னர். அமெரிக்க உளவியல் அறிஞர். 1904 மார்ச் 20-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். முதலில் எழுத்தாளர் ஆகத்தான் ஆசை. ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதிப் பார்த்தார், சரிவரவில்லை. (நம்ம கவிஞர்கள் மனசு தளர வேண்டாம்!) அப்புறம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அவர் செய்த பெட்டியில் எலி ஒவ்வொரு தடவை கட்டையை அழுத்தும்போதும், ஓடிக்கொண்டிருக்கும் தாளில் பேனா ஒரு படி மேலே ஏறும். எலி கத்துக்கொள்வதை அந்த நேரத்திலேயே கண்ணால் பார்க்கலாம்.

1953 நவம்பரில் தன் இளைய மகளின் நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். சில பிள்ளைகள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். சில பிள்ளைகள் திணறினார்கள். யாருக்குமே, போட்டது சரியா தப்பா என்று அப்போதே தெரியாது. தாள் திருத்தி மறுநாள்தான் வரும். எலிக்கு உடனே பதில் கிடைக்குது, பிள்ளைக்குக் கிடைக்கலையே என்று அவருக்கு உறுத்தியது.

மறுநாள் என்பதே அவருக்குத் தாமதம்! எனக்கு ஒரு தடவை பரீட்சைத் தாள் மூணு வாரம் கழித்து வந்தது. அதற்குள் அதே தப்போடு ஒரு நோட்டையே நிரப்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் மரப்பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டார். 1954-இல் அந்தக் கற்பிக்கும் எந்திரத்தைப் பலர் முன் இயக்கிக் காட்டினார். ஜன்னலில் கணக்கு தெரியும். பிள்ளை எண்களை நகர்த்தி விடை வைத்துக் குமிழைத் திருப்பணும். சரி என்றால் திரும்பும், தப்பு என்றால் திரும்பாது. தப்புகளை எண்ணவும் ஒரு கருவி சேர்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அப்புறம் நடந்தது. 1950களின் கடைசியில் ஹார்வர்டில் ஜேம்ஸ் ஹாலண்டுடன் சேர்ந்து எந்திரத்திலேயே ஒரு பாடம் நடத்தினார். மாணவர்கள் விடையைத் தாளில் எழுதினார்கள். பல பேர் தப்பு விட்ட இடத்தில் மாணவரைக் குறை சொல்லாமல், கேள்வியைத் திருத்தி எழுதினார்கள்.

வாத்தியார் வேலை போயிடும் என்று அப்போது பயந்தவர்கள் உண்டு. போகவில்லை. எந்திரம்தான் சில வருஷத்தில் மூலைக்குப் போனது. தப்பு என்று அது சொல்லும், ஏன் தப்பு என்று கேட்காதே! அதற்கு நம்ம சார் பக்கத்தில் வந்து நிற்கணும்.

1990 ஆகஸ்ட் 10-இல் ரத்தப் புற்றுநோயோடு மேடையேறிப் பேசினார். எட்டு நாள் கழித்து இறந்தார்.

நான் இப்போது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தப்புக்கும் கோடு போட்டு வருகிறேன். கூட்டல் கழித்தல் குறி மாற்றும் இடத்தில்தான் கோடு அதிகம்.