ரட்ஜ் மோட்டார் சைக்கிளும் ஜி.டி. நாயுடுவும்

எங்கள் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒற்றை சிலிண்டர் ஸ்கிராம்பளர் வைத்திருக்கும் அண்ணன்மார்கள் அதை வாங்கிய நிலையிலேயே விட்டுவைப்பதில்லை. காரணம் இருக்கிறது. தாப்பாவில் நன்றாக ஓடும் கார்புரேட்டர் வண்டி, 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவுக்கு வந்ததும் திணறும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆனால் கீழ்நாட்டுக்கென்று பொருத்திய ஜெட், கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விடப் பார்க்கும். கலவையில் பெட்ரோல் மிகுந்து, ஸ்பார்க் பிளக் கரி பிடித்து, மேட்டில் இழுவை போய்விடும். சின்ன ஜெட் மாற்றி, ஊசியை ஒரு படி இறக்கினால் வண்டி தெளிந்துவிடும். பின்சக்கரத்தின் பல்சக்கரத்தை இரண்டு மூன்று பல் பெரிதாக்கினால், மழையில் சகதியான கொழுந்து லாரிப் பாதையில் நிதானமாக ஏறலாம். நெடுஞ்சாலையில் வேகம் குறையும். அதைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. (காதைக் கிழிக்கும் புகைபோக்கி மாட்டுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் கிடைப்பது சத்தமும் சம்மனும்தான்.)

இதையெல்லாம் அவர்கள் வகுப்பில் படிக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடை அளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் படித்தேன். அண்ணன்மார்கள் அதையே பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்த என் தம்பி, தொழில்திறன் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்கிறான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பெயர் அடிபடும். பள்ளிக்கூடம் பிடிக்காதவர்தானே ஜி.டி. நாயுடு என்பான் தம்பி. அவர்தானே பொறியியல் கல்லூரிக்குக் காசு கொடுத்தார் என்பார் அப்பா. இரண்டும் உண்மை. அதனால்தான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு தொடக்க நிலையோடு நின்றுவிட்டது. வகுப்பில் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்த அந்த இளைஞரின் கண்ணில் ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் பட்டது. 1912ஆம் ஆண்டின் ரட்ஜ் அது. அப்படியென்றால் நாயுடுவுக்கு வயது ஏறக்குறைய இருபது. என் வயது.

பார்த்தவுடன் ஆசைப்படுவது பெரிய விஷயமில்லை. எங்களுக்கும் மாதம் ஒரு வண்டி மீது ஆசை வரும். அவர் அடுத்துச் செய்ததுதான் எனக்கு வியப்பு. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை, மேசை துடைத்தார். சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த ரட்ஜை வாங்கினார். ஊர்வலம் போவதற்காக அல்ல. வாங்கிய வண்டியை அக்கக்காகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் கோவன்ட்ரி நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த ரட்ஜ் விட்வொர்த் நிறுவனம் மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு இறங்கியது 1911இல்தான். அதன் தொடக்க கால வண்டிகள் ஏறக்குறைய 500 சிசி கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் வண்டிகள். பின்சக்கரத்தைச் சுழற்றியது சங்கிலி அல்ல, வார்ப்பட்டை. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளில் இன்று தானாக நடக்கும் பல வேலைகளை ஓட்டுபவர் கையால் செய்ய வேண்டும். இன்ஜினுக்கு எண்ணெய் போதவில்லை என்று தோன்றினால் கைப்பம்பை அழுத்த வேண்டும். தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதைக் கைப்பிடியில் இருக்கும் நெம்புகோலால் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். காற்றுக்கு ஒரு நெம்புகோல் தனி. மேடு வந்தால் ஒரு மாதிரி, இறக்கம் வந்தால் வேறு மாதிரி. நாங்கள் பட்டறையில் ஒருமுறை செய்யும் டியூனிங்கை அவர்கள் வழி நெடுகச் செய்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவருக்கு அந்த வண்டி ஓடாது.

பிரித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். பூட்டிய கதைக்குத்தான் அதிக மதிப்பு என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்து வீடுகளின் பின்புறம் போய்ப் பாருங்கள். பிரித்துப்போட்ட வண்டிகள் மழையில் துருப்பிடித்துக் கிடக்கும். எந்த ஷிம் எங்கே இருந்தது, எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், வால்வுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் திருப்பிப் பூட்டும்போதுதான் கேள்வியாக எழும். அதைப் பார்த்துச் செய்ய நாயுடுவுக்குக் காணொளி எதுவும் கிடையாது.

ரட்ஜ் அவரை மெக்கானிக் ஆக்கியது. நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கிப் பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய் இழந்தார். அதை விட்டுவிடலாம். 1920இல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம். அதை வாங்க அவருக்குக் கைகொடுத்தவர், நீலகிரியின் காப்பித் தொழிலில் வளர்ந்த ராபர்ட் ஸ்டேன்ஸ். மலைத்தோட்டப் பணம் ஒரு மெக்கானிக்கை முதலாளியாக்கியது என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கம் அப்படி நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒரு பேருந்து யூ.எம்.எஸ். என்று அழைக்கப்பட்ட யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. 1929இல் ஜே.ஏ. ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொங்கு நாட்டுச் சாலைகளில் நாயுடுவின் பேருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அவர் கை வைக்காத பொருள் குறைவு. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் இருந்த தம் தொழிற்சாலையிலிருந்து வெளிக்கொண்டுவந்தார். மின்கலத்தில் ஓடும் சவரக் கருவிக்கு ரசன்ட் என்று பெயர் வைத்தார். 1941இல் ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். பயணத்திலும் புகைப்படத்திலும் அவருக்குத் தீராத ஆர்வம்; 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் படம் பிடித்தார். 1952இல் இரண்டு பேர் அமரும் காரை 2,000 ரூபாய் விலைக்கு உருவாக்கினார். அரசு உரிமம் தரவில்லை. கார் சந்தைக்கு வரவில்லை.

எல்லோரும் அவரை எடிசனோடு ஒப்பிடுகிறார்கள். எனக்கு அந்த ஒப்பீடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அவருடைய பொருள்களில் பல, முன்பே உலகில் இருந்தவை. அவற்றைப் பிரித்து, நம் ஊருக்கும் நம் மக்களின் கையிருப்புக்கும் ஏற்ப மாற்றிப் பூட்டியதுதான் அவர் திறமை. ஜெட்டை மாற்றி வண்டியை மலைக்குப் பழக்குவதும் அந்த இனம்தான்.

அப்பாவும் தம்பியும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். பள்ளிப் படிப்பே நிற்காத நாயுடு, 1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்ற நன்கொடை வழங்கினார். ஹோப் அப்போது சென்னை மாகாண ஆளுநர். நாயுடு அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு, இரண்டு ஆண்டுகள் தாராளம் என்பது அவர் கருத்து. ஆங்கில அரசு இணங்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

இந்த இடத்தில் நான் தம்பி பக்கமும் இல்லை, அப்பா பக்கமும் இல்லை. படிப்பு வேண்டாம் என்று நினைப்பவர் கல்லூரிக்குப் பணம் கொடுத்து முதல்வர் நாற்காலியில் உட்கார மாட்டார். இளைஞர்களின் கையில் கருவி எப்போது கிடைக்கும் என்பதே அவருடைய அவசரம். அவருடைய இரண்டு ஆண்டுக் கணக்கை நான் முழுதாக ஏற்கவும் இல்லை. வெப்ப இயக்கவியலை இரண்டு ஆண்டில் திணித்தால் என்னால் தாங்க முடியாது. அதே சமயம், இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் இருக்கும் நான் இதுவரை ஓர் இன்ஜினின் தலையைக் கழற்றியது ஆய்வகத்தில் அல்ல, ரிங்லெட்டில் அண்ணனுடைய பட்டறையில்தான்.

நாயுடு 1974 ஜனவரி 4ஆம் நாள் காலமானார். அவர் விட்டு விலகிய கல்லூரி பின்னர் இடம் மாறி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் தடாகம் சாலையில் இயங்குகிறது. பொறியியல் பட்டப்படிப்பு அங்கும் நான்கு ஆண்டுகள்தான். தம்பியின் விண்ணப்பப் பாரம் எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது. அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.