டொக்டர் கிரேஸின் இரண்டாவது ஆட்டம்

கிரிக்கெட் பார்க்கும் வாப்பாமாரிடம் டபிள்யூ. ஜி. கிரேஸ் என்று சொல்லிப் பாருங்கள். நெஞ்சு வரை தாடி வளர்த்த அந்த ஆங்கிலேயர் உடனே அவர்கள் நினைவுக்கு வருவார். 1848இல் பிரிஸ்டலுக்கு அருகே பிறந்தவர். படித்துப் பட்டம் பெற்ற வைத்தியர். 1880இல் இங்கிலாந்து மண்ணில் நடந்த முதலாவது டெஸ்ட் போட்டியில் 152 ஓட்டங்கள் எடுத்தார். ஊதியம் பெறாத வீரர் என்ற பெயரோடு ஆடிக்கொண்டே பெருந்தொகை பெற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இவையெல்லாம் பலரும் எழுதியவை. என்னைக் கவர்ந்தது ஐம்பது வயதுக்குப் பிந்திய கிரேஸ்.

1899 அவருக்குக் கொடிய ஆண்டு. பெப்ரவரியில் அவருடைய ஒரே மகள் பெஸி நெருப்புக் காய்ச்சலால் இறந்தாள். அவளுக்கு வயது 20. ஜூனில் நொட்டிங்ஹாமில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். கிரேஸின் உடல் பருத்திருந்தது. தரையோடு வரும் பந்தைக் குனிந்து தடுக்க முடியவில்லை. பார்வையாளர்கள் கேலி செய்தார்கள். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட்.

அதன்பின் இலண்டனில் கிரிஸ்டல் பெலஸ் மைதானத்தில் ஒரு கிரிக்கெட் கழகத்தை நடத்தினார். அங்கேதான் லோன் போல்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டது.

இந்த ஆட்டம் நமக்குப் புதிது. புல்வெளியின் மறுமுனையில் ஒரு சிறு வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்கு மிக அருகே தன் பந்தை உருட்டி நிறுத்துபவருக்குப் புள்ளி. சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் உருட்டும் பந்து முழு உருண்டை அல்ல. ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்படி செய்யப்பட்டது. வேகம் குறையக் குறைய அதிகமாக வளையும். எனவே இலக்கை நேரே பார்த்து உருட்டினால் தவறிவிடும். சற்று விலக்கியே உருட்ட வேண்டும். இங்கே ஓட்டம் தேவையில்லை. கையில் நிதானமும் கண்ணில் கணக்கும் வேண்டும். அவை இரண்டும் கிரேஸிடம் குறையவில்லை.

ஸ்கொட்லாந்தினர் 1892இலேயே சங்கம் அமைத்துவிட்டார்கள். 1903இல் கிரேஸ் முன்னின்று ஆங்கிலப் போல்ஸ் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டு முதல் சர்வதேசப் போட்டிகளில் இங்கிலாந்து அணியின் தலைவரும் அவரே. குளிர்காலத்திலும் ஆட்டம் நிற்கக்கூடாதென்று கிரிஸ்டல் பெலஸ் கட்டடத்துக்குள் கம்பளம் விரித்து ஆடவைத்தார்.

1905இல் மூத்த மகனும் 30 வயதில் இறந்தான். குடல்வால் சத்திரசிகிச்சைக்குப் பின் நேர்ந்த மரணம். தந்தை வைத்தியர், என்ன செய்ய முடிந்தது? இரண்டு பிள்ளைகளை அடக்கம் செய்த அந்த மனிதர் 1908 வரை இங்கிலாந்து அணியை நடத்தினார்.

1915 ஒக்டோபர் 23ஆம் திகதி கிரேஸ் காலமானார். அவர் தொடங்கிய சங்கம் 2008இல் பெண்களின் சங்கத்தோடு இணைந்து ஒன்றானது.